விட்ட அன்றே தேறத் தொடங்கும் உடம்பு!

மண்வெட்டி பிடித்து நாலு வெட்டு வெட்டியதும் மூச்சு வாங்கினால், வயதாகிவிட்டது என்பார்கள். பல நேரம் காரணம் மடியில் இருக்கும் பீடிக்கட்டுதான்.

களை எடுத்த பயிரைப்போல, பழக்கத்தை விட்டதுமே உடம்பு தேறுகிறது. கடைசி பீடியை அணைத்த 20 நிமிடத்தில் இதயத் துடிப்பு இறங்குகிறது. ஓரிரு நாளில் ரத்தத்தில் கலந்த கார்பன் மோனாக்சைடு வெளியேறிவிடும். 2 முதல் 12 வாரங்களில் ரத்த ஓட்டம் சீராகி, நுரையீரல் பலம் பெறும். ஓராண்டில் இதயநோய் ஆபத்து, புகைப்பவருக்கு இருப்பதில் சுமார் பாதியாகும்.

குடியை நிறுத்தினால், சில வாரங்களில் கல்லீரலில் படிந்த கொழுப்பு குறையும். ரத்த அழுத்தம் இறங்கும். ஆனால், கல்லீரல் சுருங்கிப்போனால் பழைய நிலை திரும்புவது கடினம். அப்போதும் நிறுத்தினால் மேலும் கெடாமல் காக்கலாம்.

ஓர் எச்சரிக்கை... தினமும் அதிகம் குடித்தவர் திடீரென நிறுத்தினால், 2, 3 நாளில் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். இது உயிருக்கே ஆபத்து. 'ரெண்டு நாளில் சரியாகிவிடும்' என்று வீட்டில் வைத்திருக்காமல், உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நிறுத்தும் முன்பே மருத்துவரைப் பார்ப்பது இன்னும் நல்லது. புகையிலையை விட ஆலோசனை பெற, கட்டணமில்லா எண்: 1800-11-2356.