சர்க்கரைவள்ளிக் கிழங்கு வேகவைக்கும் முறை

சர்க்கரைவள்ளிக் கிழங்கை நீரிலோ ஆவியிலோ வேகவைத்து உண்பது தமிழர் வீடுகளில் பழகிப்போன எளிய சிற்றுண்டி. எண்ணெய் வேண்டாம், மசாலா வேண்டாம்; ஒரு பாத்திரமும் தண்ணீரும் அடுப்பும் இருந்தால் போதும். ஆயினும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய கிழங்கு ஒரு வீட்டில் மாவாகவும் இனிப்பாகவும் அமைகிறது. அடுத்த வீட்டில் நீர் கோத்துச் சப்பென்று போய்விடுகிறது. கிழங்கின் இனிப்பில் ஒரு பகுதி நிலத்தில் விளைகிறது. கணிசமான மறுபகுதி அடுப்பின்மேல் பாத்திரத்துக்குள்தான் உண்டாகிறது. அது எப்படி நிகழ்கிறது, அதற்கேற்ப எப்படி வேகவைப்பது, எந்தக் கிழங்கை வேகவைக்கவே கூடாது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பெயரும் தாவரமும்

தாவரவியலில் இதன் பெயர் இப்போமியா படாட்டாஸ். தென் மாவட்டங்களில் சீனிக்கிழங்கு என்றும், இலங்கைத் தமிழரிடையே வற்றாளங்கிழங்கு என்றும் வழங்குகிறது. இதன் தாயகம் வெப்ப மண்டல அமெரிக்கா. பெயர் ஒத்திருந்தாலும் மரவள்ளிக் கிழங்குக்கும் இதற்கும் உறவு இல்லை. உருளைக்கிழங்குக்கும் நெருங்கிய உறவு இல்லை. உருளைக்கிழங்கு தண்டின் மாற்றுரு. சர்க்கரைவள்ளி வேரின் மாற்றுரு. வள்ளைக்கீரை இதே இனத்தைச் சேர்ந்த நெருங்கிய உறவு.

தோலும் சதையும் வகைக்கு வகை மாறுபடும். நம் சந்தைகளில் மிகுதியாகக் கிடைப்பது சிவப்புத் தோலும் வெள்ளை அல்லது இளமஞ்சள் சதையும் கொண்ட கிழங்கு. செம்மஞ்சள் சதை, கருநீலச் சதை கொண்ட வகைகளும் உள்ளன. திருவனந்தபுரத்தில் 1963-இல் தொடங்கப்பட்ட மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் இத்தகைய வகைகளை உருவாக்கியுள்ளது. செம்மஞ்சள் சதையுடைய பூ சோனாவும், கருநீலச் சதையுடைய பூ கிருஷ்ணாவும் அங்கு உருவானவையே.

கிழங்கைத் தேர்ந்தெடுத்தல்

1. கையில் எடுத்தால் கனமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். அழுத்தினால் அமுங்கும் கிழங்கு வேண்டாம்.
2. ஒரே பருமனுள்ள கிழங்குகளாகப் பொறுக்க வேண்டும். மெலிந்ததும் தடித்ததும் கலந்தால் ஒன்று குழையும்போது மற்றது வேகாமல் நிற்கும். நடுத்தரப் பருமன், அதாவது ஒன்று 150 முதல் 200 கிராம் வரை இருப்பது வசதி.
3. குண்டூசி நுழைந்தாற்போன்ற சிறு துளைகள் உள்ளதை ஒதுக்க வேண்டும். கூன்வண்டு துளைத்ததன் அடையாளம் அது.
4. கரும்புள்ளி, பூஞ்சணம், முனையில் கருகிய அழுகல் இருந்தாலும் ஒதுக்க வேண்டும்.

வயலிலிருந்து அன்றே தோண்டிய கிழங்கைவிட, சில நாள்கள் காற்றோட்டமான நிழலில் கிடந்த கிழங்கு கூடுதலாக இனிக்கும். இருப்பில் இருக்கும்போதே மாவுச்சத்தின் ஒரு பகுதி மெல்லச் சர்க்கரையாக மாறுவதே காரணம்.

பச்சைக் கிழங்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது தவறு. இது வெப்ப மண்டலப் பயிர். ஏறத்தாழ 12 டிகிரி செல்சியசுக்குக் கீழே பல நாள்கள் இருந்தால் உள்ளே செல்கள் சேதமடைகின்றன. அப்படிப்பட்ட கிழங்கை எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் நடுப்பகுதி கட்டை போல நின்றுவிடும். வேகவில்லை என்று அடுப்பைக் குறை சொல்வோம். குறை பெட்டியில் நேர்ந்தது. கூடையில் பரப்பி, வெயில் படாத இடத்தில் வைத்தாலே போதும்.

தேவையானவை

சர்க்கரைவள்ளிக் கிழங்கு அரைக் கிலோ, கிழங்கு மூழ்கும் அளவு தண்ணீர், விரும்பினால் அரைத் தேக்கரண்டி உப்பு, மூடியுள்ள அகலமான பாத்திரம். அலுமினியம், எவர்சில்வர், மண்பானை எதுவாயினும் சரி. இரும்புச் சட்டி வேண்டாம். கிழங்கிலுள்ள குளோரோஜெனிக் அமிலம் இரும்புடன் சேர்ந்து சதையைச் சாம்பல் நிறமாக்கிவிடும்.

செய்முறை

1. கிழங்கைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறப்போட்டு, மண் போகத் தேய்த்துக் கழுவவும். தேங்காய் நார் இருந்தால் அதைக் கொண்டே தேய்க்கலாம்.
2. இரு முனைகளிலும் உள்ள வேர் நுனியை மட்டும் மெல்லியதாக நறுக்கவும். தோலைச் சீவ வேண்டாம். துண்டு போடவும் வேண்டாம். வெட்டிய இடத்தில் வெள்ளைப் பால் கசியும், அது இயல்பானது. கையில் ஒட்டினால் சிறிது எண்ணெய் தடவித் துடைத்தால் போய்விடும்.
3. கிழங்குகளைப் பாத்திரத்தில் ஒரே அடுக்காக வைத்து, மூழ்கும்வரை பச்சைத் தண்ணீர் ஊற்றி, உப்புச் சேர்த்து மூடவும். கொதிக்கும் நீரில் போடக்கூடாது.
4. நடுத்தரத் தீயில் வைக்கவும். நீர் கொதி வரப் பதினைந்து நிமிடம்போல ஆகட்டும்.
5. கொதி வந்ததும் தீயைக் குறைத்து, மேலும் 20 முதல் 25 நிமிடம் வேகவிடவும். தளதளவென்று கொதித்தாலும் மெல்லக் கொதித்தாலும் திறந்த பாத்திரத்தில் நீரின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. ஆகவே பெருந்தீ வைத்து எரிவாயுவை வீணாக்குவதில் பயனில்லை.
6. கத்தி நுனியையோ ஈர்க்குச்சியையோ தடித்த இடத்தில் குத்திப் பார்க்கவும். தடையின்றி நடுவரை இறங்கினால் வெந்துவிட்டது. கிழங்கு பெரிதானால் நேரம் கூடும். கடிகாரத்தைவிடக் குச்சியையே நம்ப வேண்டும்.
7. உடனே நீரை வடித்து, கிழங்கை அதே சூடான பாத்திரத்தில் ஐந்து நிமிடம் மூடியைச் சற்றுத் திறந்து வைக்கவும். மேலே ஒட்டிய ஈரம் ஆவியாகிக் கிழங்கு மாவாக அமையும். வெந்நீரிலேயே கிடக்கவிட்டால் நீர் கோத்துக்கொள்ளும்.
8. கை பொறுக்கும் சூடு வந்ததும் தோலை உரிக்கவும். வெந்தபின் தோல் தானாகக் கழன்று வரும். நன்றாகக் கழுவியிருந்தால் தோலோடும் உண்ணலாம், நார்ச்சத்து கிடைக்கும்.

பச்சைத் தண்ணீரில் தொடங்குவது ஏன்?

கிழங்கில் மாவுச்சத்து நிறைந்திருக்கிறது. பீட்டா அமைலேஸ் என்னும் நொதியும் இருக்கிறது. இந்த நொதி மாவுச்சத்தின் நீண்ட சங்கிலியை முனையிலிருந்து நறுக்கி மால்டோஸ் என்னும் சர்க்கரையாக்கும். ஆனால் பச்சைக் கிழங்கில் மாவுச்சத்து இறுகிய துகள்களாக இருப்பதால் நொதியால் அதை எளிதில் நெருங்க முடிவதில்லை. ஏறக்குறைய 60 டிகிரிக்குமேல் துகள்கள் நீரை உறிஞ்சி உப்பிக் கூழாக இளகும்போதுதான் நொதிக்கு வழி திறக்கிறது. சூடு 80 டிகிரியைத் தாண்டிச் செல்லச் செல்ல நொதியே செயலிழந்துவிடுகிறது.

ஆக, இந்த இரண்டு அளவுகளுக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் கிழங்கு எவ்வளவு நேரம் இருக்கிறதோ அவ்வளவு இனிப்புச் சேரும். முழுக் கிழங்கைப் பச்சைத் தண்ணீரில் வைத்து மெல்லச் சூடேற்றினால் அந்த இடைவெளி நீள்கிறது. சிறு துண்டுகளைக் கொதிநீரில் போட்டால் சில நிமிடங்களிலேயே அதைக் கடந்துவிடுகிறது. தணலில் புதைத்துச் சுட்ட கிழங்கு அவ்வளவு இனிப்பதற்கும் இதுவே ஒரு காரணம். அங்கு நீரும் வற்றுவதால் இனிப்பு மேலும் செறிவாகிறது.

மாணவர்கள் இதை வீட்டில் பெரியவர்கள் உடனிருக்கச் சோதித்துப் பார்க்கலாம். நீளமான ஒரு கிழங்கை இரு சம பாதிகளாக வெட்டிக்கொள்ள வேண்டும். ஒரு பாதியை அப்படியே பச்சைத் தண்ணீரில் வைத்து மெல்ல வேகவைக்க வேண்டும். மறு பாதியைச் சிறு துண்டுகளாக்கி, கொதிக்கும் நீரில் போட்டு வேகவைக்க வேண்டும். இரண்டும் ஆறியபின், எது எந்த முறையில் வெந்தது என்று சொல்லாமல் வீட்டில் உள்ளவர்களிடம் கொடுத்து, எது இனிப்பு என்று கேட்க வேண்டும். ஒரே கிழங்கின் பாதிகள் என்பதால் வகை வேறுபாடு குறுக்கிடாது.

பிற முறைகள்

ஆவியில் அவித்தல்: இட்லிப் பானையில் தட்டின்மேல் முழுக் கிழங்கை, அல்லது நெடுக்காகப் பிளந்த பாதிகளை அடுக்கி 25 முதல் 35 நிமிடம் அவிக்கலாம். நீரில் மூழ்காததால் சத்து கரைந்து போவது குறைவு. நீர் கோப்பதும் இல்லை. பானையில் நீர் வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குக்கர்: அடியில் ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றி, கிழங்கை உள்பாத்திரத்தில் நீரின்றி வைத்து, மிதமான தீயில் இரண்டு விசில் விட்டு, ஆவி தானாக அடங்கியபின் திறக்க வேண்டும். நேரம் மிச்சம். ஆனால் சூடு விரைந்து ஏறுவதால் இனிப்புச் சற்றுக் குறையலாம். ஒரு விசில் கூடினாலும் குழைந்துவிடும்.

துண்டு போட்டு வேகவைத்தல்: பொரியலுக்கோ குழந்தைக்கு மசிக்கவோ அவசரமாக வேண்டுமானால் ஓரங்குலத் துண்டுகளாக்கினால் 12 முதல் 15 நிமிடத்தில் வெந்துவிடும். வெட்டியதும் தண்ணீரில் போட்டுவைத்தால் கறுக்காது. வைட்டமின் சி, பொட்டாசியம் போன்ற நீரில் கரைபவை வேகும் நீரில் இறங்கும் என்பதால் நீர் குறைவாக வைப்பது நல்லது.

சத்தும் சில தவறான எண்ணங்களும்

தோல் நீக்கி வேகவைத்த 100 கிராம் கிழங்கில் ஏறத்தாழ 76 கிலோகலோரி ஆற்றலும், 18 கிராம் மாவுப்பொருளும், இரண்டரை கிராம் நார்ச்சத்தும் உள்ளன.

சர்க்கரைவள்ளி எதைத் தின்றாலும் வைட்டமின் ஏ கிடைக்கும் என்று பலர் நினைக்கின்றனர். உடலில் வைட்டமின் ஏ-ஆக மாறும் பீட்டா கரோட்டின் செம்மஞ்சள் சதையில்தான் மிகுதி. வெள்ளைச் சதையில் மிகக் குறைவு. மாலைக்கண் போன்ற குறைபாடுகளைத் தடுக்க ஆப்பிரிக்காவில் செம்மஞ்சள் கிழங்கைப் பரப்பிய ஆய்வாளர்களுக்கு 2016-ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசில் பங்கு கிடைத்ததும் இதனால்தான். பீட்டா கரோட்டின் கொழுப்பில் கரைவது. வெந்த கிழங்குடன் தேங்காய்த் துருவலோ சிறிது நெய்யோ சேர்த்துண்ணும் நம் வழக்கம் அது உடலில் சேர உதவுகிறது.

நீரிழிவு உள்ளவர்கள் அறவே தொடக்கூடாது என்பதும், எவ்வளவு வேண்டுமானாலும் உண்ணலாம் என்பதும் ஒருசேரத் தவறு. சுட்ட கிழங்கைவிட வேகவைத்த கிழங்கு இரத்தச் சர்க்கரையை மெதுவாக உயர்த்துகிறது. ஆனால் அதுவும் மாவுப்பொருளே. எனவே சோறு, இட்லியுடன் கூடுதலாக அல்லாமல், அவற்றில் ஒரு பங்குக்கு மாற்றாக, மருத்துவர் சொல்லும் அளவில் உண்ண வேண்டும்.

கசக்கும் கிழங்கு

வேகவைக்கும் முறையில் தவறினால் சுவைதான் குறையும். இந்த ஒன்றில் தவறினால் உடல்நலம் கெடும். கூன்வண்டோ பூஞ்சணமோ தாக்கும்போது கிழங்கு தன்னைக் காத்துக்கொள்ள இப்போமியாமரோன் முதலிய கசப்பு வேதிப்பொருள்களை உண்டாக்குகிறது. இவை கல்லீரலையும் நுரையீரலையும் பாதிக்கக்கூடியவை. வேகவைத்தாலும் முழுமையாக அழிவதில்லை. கறுத்த பகுதியை மட்டும் வெட்டி எறிந்தாலும், சுற்றியுள்ள நல்ல சதை போலத் தோன்றும் பகுதியிலும் பரவியிருக்கலாம்.

ஆகவே வெந்த கிழங்கு வாயில் வைத்ததும் கசந்தாலோ, ஒருவித நெடி அடித்தாலோ, வெல்லம் சேர்த்துச் சமாளிக்க வேண்டாம். துப்பிவிட்டு அந்தக் கிழங்கை முழுதாக எறிந்துவிட வேண்டும். குழந்தைக்கு மசித்துக் கொடுக்குமுன் பெரியவர் ஒருவர் சுவை பார்ப்பது நல்ல பழக்கம்.

வீணாகிறதே என்று அதை மாட்டுக்குப் போடுவதும் ஆபத்து. பூஞ்சணம் பிடித்த கிழங்கைத் தின்ற மாடுகள் மூச்சுத் திணறி இறந்த நிகழ்வுகள் கால்நடை மருத்துவத்தில் பதிவாகியுள்ளன. அதைக் குழி தோண்டிப் புதைத்துவிடுவதே சரி.

பரிமாறுதலும் பாதுகாத்தலும்

சூடாகத் தனியே உண்ணலாம். தேங்காய்த் துருவல், நாட்டுச் சர்க்கரையுடன் மாலைச் சிற்றுண்டியாகவும், இலங்கையில் வழங்குவது போலக் காரச் சம்பலுடன் காலை உணவாகவும் அமையும். வெந்த கிழங்கை அன்றே உண்பது நல்லது. மிஞ்சினால் ஆறவைத்து மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, இரண்டு மூன்று நாள்களுக்குள் தீர்த்துவிடலாம். பச்சைக் கிழங்குக்கு ஆகாத குளிர், வெந்த கிழங்குக்குப் பாதுகாப்பு.