ஜூலை மாத விளையாட்டுக்கு நவம்பரில் விண்ணப்பம்

கனடாவில் நவம்பர் மூன்றாம் வாரம் என்றால் பல ஊர்களில் பனி விழத் தொடங்கியிருக்கும். கோடைகால மைதானங்களைப் பூட்டியிருப்பார்கள். அந்தக் குளிரில் உட்கார்ந்துதான் அடுத்த ஜூலை முதல் தேதி எந்தப் பூங்காவில் என்ன விளையாட்டு நடக்கும், எத்தனை பேர் வருவார்கள், எவ்வளவு செலவாகும் என்று சங்கங்களும் நகராட்சிகளும் எழுதிக் கொடுக்க வேண்டும். தேசியக் கொண்டாட்டங்களுக்குக் கனடிய மரபுரிமைத் துறை வழங்கும் 'செலிபிரேட் கனடா' நிதியுதவிக்குச் சமீப ஆண்டுகளில் கடைசித் தேதி, விழாவுக்கு முந்தைய ஆண்டின் நவம்பர் 21. பள்ளிக்கூடம் முடியட்டும், மே மாதம் கூடிப் பேசலாம் என்று இருந்துவிட்ட சங்கத்துக்கு அந்த ஆண்டு இந்தக் கதவு திறக்காது.

நல்ல எண்ணமும் ஆள்பலமும் உள்ள பல அமைப்புகள் தவறவிடுவது இந்த ஒரு தேதியைத்தான்.

இந்தத் திட்டம் ஜூலை 1 கனடா தினத்துக்கு மட்டுமானது என்று பலர் நினைக்கிறார்கள். ஜூன் 21 முதல் ஜூலை 1 வரையிலான பதினொரு நாட்களில் வரும் நான்கு தினங்கள் இதில் அடங்கும். ஜூன் 21 தேசியப் பழங்குடி மக்கள் தினம், 1996-ல் அறிவிக்கப்பட்டது. ஜூன் 24 புனித யோவான் தினம். கியூபெக் மாகாணத்தின் தேசிய விழா நாளும் அதுவே. ஜூன் 27 பல்பண்பாட்டு தினம். ஜூலை 1, 1867-ல் கனடா ஒரு கூட்டாட்சியாக உருவான நாள். 'டொமினியன் தினம்' என்று வழங்கிவந்ததற்கு 1982-ல்தான் 'கனடா தினம்' என்ற பெயர் வந்தது. எந்தத் தினத்துக்காகக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து விண்ணப்பத்தின் தன்மையே மாறும். புலம்பெயர்ந்தோர் சங்கங்கள் ஜூலை 1-ஐயே கேட்டு வரிசையில் நிற்பதைவிட ஜூன் 27-ஐயும் யோசித்துப் பார்ப்பது நல்லது. மைதானம் கிடைப்பதும் அன்று எளிது. ஜூலை 1-க்கு எல்லோருக்கும் அதே பூங்காதான் வேண்டும்.

கொண்டாட்டம் என்றதும் மேடை, பாட்டு, நடனம், பேச்சு, இரவில் வாணவேடிக்கை என்று மனம் போவது இயல்பு. இவை எல்லாவற்றிலும் வந்தவர்கள் பார்வையாளர்கள். ஒரு கயிற்றைத் தரையில் போட்டு "இழுக்க யார் வருகிறீர்கள்?" என்று கூப்பிட்டால், புல்வெளி ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் எழுந்து வருவார்கள். ஒரே தெருவில் பத்து ஆண்டுகள் இருந்தும் பேசிக்கொள்ளாத இரண்டு குடும்பங்கள் ஒரே பக்கம் நின்று இழுக்கும். மேடைக்குச் செலவழிக்கும் பணத்தில் சிறு பங்கு போதும். விளையாட்டுக்கு நிதி கேட்பவர்கள் விண்ணப்பத்தின் முதல் பத்தியிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும்.

கனடாவுக்கு இது புதிதும் அல்ல. டொமினியன் தினம் என்ற பெயர் இருந்த காலத்திலேயே சிற்றூர்களில் அன்று ஓட்டப் பந்தயமும் பந்தாட்டமும் நடந்தன. 1980-ஆம் ஆண்டின் ஜூலை 1-ஐயொட்டி ஒட்டாவா வந்து சேர்ந்தார் டெரி ஃபாக்ஸ். எலும்புப் புற்றுநோயால் வலது காலை இழந்த அந்த 21 வயது இளைஞர், செயற்கைக் காலுடன் நாட்டைக் குறுக்கே ஓடிக் கடந்துகொண்டிருந்தார். புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டுவது நோக்கம். தலைநகரில் ஒரு கனடிய வகைக் கால்பந்தாட்டப் போட்டியின் தொடக்க உதையை அவர் உதைத்தபோது சுமார் 16,000 பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். அதுவரை பல ஊர்களில் அவரைக் கவனித்தவர்கள் கொஞ்சம் பேர்தான். தேசிய நாளும் விளையாட்டும் ஓரிடத்தில் சேரும்போது ஒரு நாட்டின் கவனம் எப்படித் திரும்பும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

உடலியக்கத்துக்கு அரசு பணம் கொடுப்பதற்கும் அங்கே ஒரு பழைய காரணம் உண்டு. 1971-ல் தொடங்கப்பட்ட 'பார்டிசிபாக்‌ஷன்' என்ற அமைப்பு 1973-ல் தொலைக்காட்சியில் ஒரு சின்ன விளம்பரம் கொடுத்தது. சராசரி 30 வயதுக் கனடியரின் உடல்நிலையும் சராசரி 60 வயது ஸ்வீடன்காரரின் உடல்நிலையும் ஒன்றுதான் என்றது அந்த விளம்பரம். நாடே பேசியது. இன்றைய பரிந்துரை, பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 60 நிமிடமும் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிடமும் உடல் வியர்க்க இயங்க வேண்டும் என்கிறது. ஒருநாள் விழா இதை நிறைவேற்றிவிடாது. ஆனால் இதுவரை மட்டையைத் தொடாத பிள்ளை ஒன்று அன்று முதன்முறையாகத் தொடும். பக்கத்திலேயே அந்த வட்டாரக் கழகத்தின் பதிவு மேசை இருந்தால் பெற்றோர் அங்கே போய் விசாரிப்பார்கள். அந்த மேசைக்கு விழாத் திட்டத்தில் கட்டாயம் இடம் வேண்டும்.

எந்த விளையாட்டு என்ற கேள்வியில்தான் பல விண்ணப்பங்கள் வழுக்குகின்றன. நிகழ்ச்சி இலவசமாகவும் பொதுமக்கள் எல்லோருக்கும் திறந்ததாகவும் இருக்க வேண்டும் என்பது இந்த நிதியுதவியின் அடிப்படை விதி. ரொறன்ரோவில் யாழ்ப்பாணப் பள்ளிகளின் பழைய மாணவர் சங்கங்களும் ஊர்ச் சங்கங்களும் ஒவ்வொரு கோடையிலும் ஒன்றுகூடல் வைப்பது வழக்கம். சாக்கு ஓட்டம், முட்டி உடைத்தல், கயிறிழுத்தல், சங்கீதக் கதிரை, பெரியவர்களுக்குத் தனி ஓட்டம் என்று நாள் முழுக்கக் களைகட்டும். கிரிக்கெட், உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டிகளும் உண்டு. இவ்வளவு அனுபவம் கையில் இருந்தும், நிகழ்ச்சி அங்கத்தவர் குடும்பங்களுக்கு மட்டும் என்றோ, அணிக்கு இவ்வளவு கட்டணம் என்றோ இருந்தால் பொது நிதிக்கு அது பொருந்தாது. அதே ஒன்றுகூடலின் ஒரு பகுதியைப் பிரித்து, பூங்காவுக்கு வரும் யாரும் சேரலாம் என்று வேலியை எடுத்துவிட்டால் பொருந்தும். பாதி ஆயத்தம் ஏற்கெனவே முடிந்த மாதிரி.

பந்தயம் என்பதைவிடப் பழகிப்பார்த்தல் என்று திட்டமிடுவது இந்த நாட்களுக்கு ஏற்றது. 1994-ல் நிறைவேறிய சட்டம் ஐஸ் ஹாக்கியைக் குளிர்கால தேசிய விளையாட்டாகவும் லக்ரோஸைக் கோடைகால தேசிய விளையாட்டாகவும் அறிவித்தது. நுனியில் வலை கட்டிய கோலால் பந்தைப் பிடித்து எறிகிற லக்ரோஸ், ஐரோப்பியர் வருவதற்கு முன்பே ஹோடனஷோனி முதலான பழங்குடி மக்கள் ஆடிவந்தது. அவர்களுக்கு அது வழிபாட்டோடும் சேர்ந்தது. வடதுருவப் பகுதியின் இனூயிட் மக்களிடம் இன்னொரு விளையாட்டு உண்டு. உயரத்தில் ஒரு சிறு பந்தைத் தொங்கவிட்டு, எம்பிக் குதித்து ஒற்றைக் காலால் அதைத் தொட்டு, தொட்ட அதே காலில் தரையிறங்க வேண்டும். 1970-ல் தொடங்கிய ஆர்க்டிக் குளிர்கால விளையாட்டுகளிலும் இது நடக்கிறது. ஒரு கம்பம், ஒரு கயிறு, ஒரு பந்து தவிர வேறு செலவில்லை. ஜூன் 21-க்கு இவற்றை வைக்க நினைப்பவர்கள் அந்த மக்களின் அமைப்புகளை முதல் கூட்டத்துக்கே அழைத்து, சொல்லிக்கொடுக்கும் பொறுப்பையும் அதற்கான ஊதியத்தையும் அவர்களுக்கே ஒதுக்க வேண்டும். திட்டம் முடிந்தபின் ஒரு ஆதரவுக் கடிதம் கேட்டுப் போவது மரியாதையும் ஆகாது, விண்ணப்பத்துக்கும் வலு சேர்க்காது.

ஜூன் 27-க்குக் கிளித்தட்டை எடுத்துக்கொள்ளலாம். சுண்ணாம்புத் தூளால் கோடு கிழித்தால் ஆடுகளம் தயார். மறிப்பவர்கள் குறுக்குக் கோடுகளில் நிற்க, நடுக்கோட்டில் 'கிளி' எனப்படும் ஒருவர் ஓட, மற்ற அணி தொடுபடாமல் தாண்ட வேண்டும். ஆங்கிலம் சரளமாகப் பேசாத அம்மம்மாவும் கையைக் காட்டியே இதை ஒரு சீனப் பிள்ளைக்கும் சோமாலியப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுத்துவிடுவார்.

இதை விண்ணப்பத்தில் எப்படி எழுதுவது? "ஏராளமானோர் கலந்துகொள்வார்கள்" என்ற வரி மதிப்பிடுபவருக்கு எதையும் சொல்வதில்லை. கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். இரண்டு ஆடுகளம் போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஆட்டத்தில் அணிக்கு 5 பேர், மொத்தம் 10 பேர். விதி சொல்லிக்கொடுக்கும் நேரத்தையும் சேர்த்து ஒரு ஆட்டம் 20 நிமிடம். மணிக்கு 3 ஆட்டம். காலை 10 முதல் பிற்பகல் 2 வரை 12 ஆட்டம். ஆக, ஒரு களத்தில் 120 பேர், இரண்டிலுமாக 240 பேர். இந்த எண் கிடைத்ததும் செலவுப் பட்டியல் தானாக ஒழுங்குக்கு வரும். ஒரு நேரத்தில் களத்தில் இருப்பது 20 பேர்தான் என்பதால் அணி அடையாளத்துக்குச் சிவப்பில் 10, நீலத்தில் 10 மேலங்கிகள் போதும். 240 டி-சர்ட் அச்சடிக்க வேண்டாம். களத்துக்கு இரண்டு நடுவர், இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை மாற்றினால் 8 பேர். குடிநீர், முதலுதவி, நிழலுக்குக் கூடாரம், சக்கர நாற்காலியில் வருபவருக்குக் களம் வரை கெட்டியான பாதை, இரு மொழி அறிவிப்புப் பலகை என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு விலை, முடிந்தால் கடையிலிருந்து வாங்கிய விலைப்புள்ளி. இப்படிப் போட்ட பட்டியலில் தேவைக்கு மேல் ஒரு டாலர்கூடச் சேர்க்க மனம் வராது. படிப்பவருக்கும் அது தெரியும்.

வரவுப் பக்கத்தில் பணத்தை மட்டும் எழுதிவிட்டு நிறுத்துவது இன்னொரு பொதுவான குறை. நகராட்சி மைதானத்தை வாடகையின்றித் தந்தால் அந்த வாடகை ஒரு வரவு. கடைக்காரர் தண்ணீர்ப் போத்தல் கொடுத்தால் அதன் மதிப்பும் அப்படியே. ஊர் சேர்ந்து நிற்கிறது என்று காட்ட இந்த வரிகளைவிட நல்ல சாட்சி வேறில்லை. ஒன்டாரியோ மாகாணத்தில் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் பெற மாணவர்கள் 40 மணிநேரம் சமூகப் பணி செய்திருக்க வேண்டும். நடுவர்களும் வழிகாட்டிகளும் தேடி அலைய வேண்டாம். பக்கத்துப் பள்ளி ஆலோசகரிடம் முன்கூட்டியே பேசினால் போதும். எத்தனை மாணவர், எத்தனை மணிநேரம் என்று விண்ணப்பத்திலும் எழுதலாம்.

பார்க்கச் சின்னதாக இருந்து கடைசியில் கழுத்தைப் பிடிப்பது பொறுப்புக் காப்பீடு. நகராட்சிப் பூங்காவில் பொதுமக்கள் விளையாடும் நிகழ்ச்சிக்கு லட்சக்கணக்கான டாலர் அளவுக்குக் காப்பீடு கேட்பார்கள். அதில் நகராட்சியின் பெயரும் சேர்ந்திருக்க வேண்டும். பாட்டுக் கச்சேரிக்கு எடுத்த காப்பீடு கயிறிழுத்தலில் கை பிசகியவருக்குச் செல்லுமா என்பதை முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பிள்ளைகளோடு வேலை செய்யும் தொண்டர்களுக்குப் போலீஸ் சான்று வாங்கவும் வாரக்கணக்கில் ஆகலாம்.

நிதிக்கு ஒரே இடத்தை நம்பியிருக்கவும் தேவையில்லை. கியூபெக்கின் ஜூன் 24 விழாவுக்கு மாகாண அரசின் தனி உதவித் திட்டம் உண்டு. பல நகராட்சிகள் சிறு தொகைகள் தருகின்றன. பார்டிசிபாக்‌ஷன் அமைப்பு ஜூன் மாதத்தில் ஊர்களுக்கிடையே உடலியக்கப் போட்டி நடத்தி, நிகழ்ச்சி வைக்கும் அமைப்புகளுக்குச் சிறு நிதியும் வழங்கியிருக்கிறது. 2019-ல் அந்தப் போட்டியில் கனடாவின் மிகச் சுறுசுறுப்பான ஊர் என்ற பெயரோடு 1,50,000 டாலர் பரிசையும் வென்றது பிரிட்டிஷ் கொலம்பியாவின் எண்டர்பி. சுமார் 3,000 பேர் வாழும் சிற்றூர் அது. பெரிய நகரம், பெரிய சங்கம் என்பதெல்லாம் இந்த விஷயத்தில் முன்னுரிமை ஆகிவிடுவதில்லை என்பதை எண்டர்பியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். இரண்டு இடங்களில் கேட்டால் இரண்டு விண்ணப்பத்திலும் மற்றதைக் குறிப்பிட வேண்டும். ஒரே செலவுக்கு இருமுறை பணம் வாங்குவது பிற்பாடு பெரிய சிக்கலில் கொண்டுபோய் விடும்.

கேட்ட தொகை முழுவதும் கிடைக்கும் என்று எண்ணிக்கொள்ளவும் கூடாது. கேட்டதில் ஒரு பகுதி மட்டும் வந்தால் எதைக் குறைப்பது என்று முன்பே முடிவெடுத்த சங்கம் பதறாது. குறைக்கும்போது மேடை அலங்காரத்தில் கைவைக்கலாம். குடிநீர், முதலுதவி, நிழல் இந்த மூன்றிலும் வைக்கவே கூடாது. ஜூலை வெயிலில் ஓடவிட்டு ஒரு பிள்ளை மயங்கி விழுந்தால் அதோடு அந்த விழா முடிந்தது.

பணம் வந்தபின் கடமைகள் சில உண்டு. அரசின் ஆதரவைச் சுவரொட்டியிலும் அறிவிப்பிலும் ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டு மொழிகளிலும் குறிப்பிட வேண்டும். விழா முடிந்ததும் இறுதி அறிக்கை. வந்தவர்களை அன்றே எண்ண ஒருவரை நியமித்திருந்தால் அறிக்கை எழுதுவது அரைநாள் வேலை. இல்லாவிட்டால் புகைப்படங்களைப் பெரிதாக்கித் தலைகளை எண்ண வேண்டியிருக்கும். ரசீதுகள் ஒரே உறையில், ஒரே ஆளிடம் இருக்கட்டும். மேலங்கிகள், கயிறு, கம்பம், மிஞ்சிய சுண்ணாம்புத் தூள் எல்லாம் யார் வீட்டு நிலவறையில் இருக்கின்றன என்பதையும் அதே வாரத்தில் எழுதிச் செயலாளரிடம் கொடுத்துவிட்டால், அடுத்த விண்ணப்பத்தில் அந்தச் செலவுகளைத் திரும்பக் கேட்க வேண்டியிராது. அந்தப் பணத்தில் மூன்றாவது ஆடுகளம் ஒன்று போடலாம்.