கணேஷுக்காக ஒரு மிஸ்டு கால்

2015 டிசம்பர் கடைசி வாரம். சென்னை வெள்ளத்தின் சேறு இன்னும் பல வீடுகளைவிட்டுப் போகவில்லை. அந்த நாட்களில் நாட்டின் பெரிய நாளிதழ்களைப் பிரித்தவர்கள் ஒரே விளம்பரத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். முழுப்பக்கம், சில நாள் இரண்டு பக்கம். நகரங்களின் சாலையோரப் பலகைகளிலும் அதே செய்திதான். இந்தியாவின் நூறு கோடிப் பேரை இணையத்தோடு இணைக்க ஃபேஸ்புக் நிறுவனம் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ என்ற இலவசச் சேவையைக் கொண்டுவந்திருக்கிறது, அதைத் தடை செய்யும் ஆபத்து வந்துவிட்டது, காப்பாற்ற ஒரு மிஸ்டு கால் கொடுங்கள் என்றது விளம்பரம்.

டிசம்பர் 28 அன்று டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் ஃபேஸ்புக் நிறுவனர் மார்க் ஸக்கர்பெர்க் தன் பெயரிலேயே ஒரு கட்டுரை எழுதினார். அதில் மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த கணேஷ் என்ற விவசாயி வருகிறார். ஃப்ரீ பேசிக்ஸ் மூலம் மழை நிலவரம் தெரிந்துகொள்கிறார், விளைபொருள் விலை பார்க்கிறார். கணேஷ் தன் பயிரை நன்றாகக் கவனித்துக்கொள்வதால் இணையத்துக்கு என்ன கேடு வந்துவிடும் என்று கேட்டிருந்தார் ஸக்கர்பெர்க்.

கேட்டவுடன் தலையாட்டத் தோன்றும் கேள்விதான். ஆனால் நாடு தலையாட்டவில்லை. ஆறே வாரத்தில் அந்தச் சேவை இந்தியாவைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. உலகில் ஃபேஸ்புக்குக்கு அமெரிக்காவுக்கு அடுத்தபடியாக அதிகப் பயனாளர்கள் இருந்த நாட்டில், பணத்துக்குக் குறைவில்லாத ஒரு விளம்பரம் இப்படித் தோற்றது எதனால் என்று பார்க்க, கணேஷின் இடத்தில் நம் ஊர்க்காரர் ஒருவரை நிறுத்திப் பார்ப்பது நல்லது. காரணம் இருக்கிறது. 2015 பிப்ரவரியில் ‘இன்டர்நெட் டாட் ஆர்க்’ என்ற பெயரில் இந்தச் சேவை இந்தியாவுக்குள் நுழைந்தபோது முதலில் தரப்பட்ட ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. தமிழிலும் கிடைத்தது. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் சிம் வைத்திருந்தால் போதும், முப்பதுக்கும் மேற்பட்ட தளங்களை டேட்டா கட்டணம் இல்லாமல் பார்க்கலாம்.

நாமக்கல் மாவட்டம் காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. மலையாளிகள் என்று அழைக்கப்படும் தமிழ் பேசும் பழங்குடி மக்களின் ஊர்கள் வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு எனப் பதினான்கு நாடுகளாகப் பரந்து கிடக்கின்றன. சாமை, தினை, கேழ்வரகு விளைந்த காடுகளில் பெரும்பகுதி இப்போது மரவள்ளி. மிளகு, காபி, மலைவாழை, பலா, அன்னாசி எல்லாம் உண்டு. சோளக்காட்டுச் சந்தைக்குத் தலைச்சுமையாகவும் வண்டியிலும் சரக்கு வந்து சேர்கிறது.

இங்கே ஒரு மரவள்ளி விவசாயிக்குத் தெரிய வேண்டியது என்ன? ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகள் கிழங்கை எடைக்கு மட்டும் விலை வைத்து வாங்குவதில்லை. மாவுச்சத்து எத்தனை பாயின்ட் என்று பார்த்து, ஒரு பாயின்ட்டுக்கு இவ்வளவு என்று கணக்குப் போடுகிறார்கள். கிழங்கைப் பிடுங்கிவிட்டால் வைத்திருக்க முடியாது, ஓரிரு நாளில் கெட ஆரம்பித்துவிடும். ஆகவே இன்றைக்குப் பாயின்ட் விலை என்ன, ராசிபுரம் பக்கம் ஆலையில் என்ன கொடுக்கிறார்கள், ஆத்தூர்ப் பக்கம் என்ன என்பது அவருக்கு உயிர்நாடி. மிளகுக்காரருக்கு வேறு சந்தை, வேறு விலை.

ஃப்ரீ பேசிக்ஸ் பட்டியலில் விக்கிப்பீடியா இருந்தது. பிபிசி, அக்யூவெதர் வானிலை, பழைய பொருள் விற்கும் ஓஎல்எக்ஸ், வேலை தேடும் பாபாஜாப் இருந்தன. தேட வேண்டுமென்றால் பிங் இருந்தது, கூகுள் இல்லை. தேடிக் கிடைத்த இணைப்பைத் திறந்து பட்டியலுக்கு வெளியே போனால் அங்கிருந்து காசு. வீடியோ கிடையாது, பெரிய படங்கள் கிடையாது, இணையவழிப் பேச்சும் கிடையாது. எல்லாப் போக்குவரத்தும் ஃபேஸ்புக்கின் சர்வர் வழியாகவே போக வேண்டும். எதிர்ப்பு கிளம்பிய பிறகு, 2015 மே மாதம், நிபந்தனைகளுக்கு உட்பட்டால் யாரும் தம் தளத்தைச் சேர்க்கலாம் என்று கதவைக் கொஞ்சம் திறந்தார்கள். நிபந்தனையை எழுதியதும், நாளை அதை மாற்றும் உரிமை வைத்திருந்ததும் ஃபேஸ்புக்தான். மரவள்ளி விலையை அன்றாடம் வெளியிட நாமக்கல்லில் ஓர் இளைஞர் தளம் தொடங்கினால், அவரும் கலிபோர்னியாவின் விதிக்கு உட்பட்டு வர வேண்டும். வராவிட்டால் மலைக்காரர் கண்ணுக்கு அந்தத் தளம் இல்லாததற்குச் சமம்.

இணைய சமநிலை என்று பேசப்பட்டது இதைத்தான். இணைப்பு தரும் நிறுவனம், அந்த இணைப்பின் வழியே போகும் எல்லாத் தளங்களையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும். ஒன்றை இலவசமாக்கி மற்றொன்றுக்குக் கட்டணம் வைத்தால், எது வாழும் எது சாகும் என்பதை அந்த நிறுவனமே தீர்மானிக்கத் தொடங்கிவிடும்.

ஸக்கர்பெர்க் தன் கட்டுரையில் பொது நூலகத்தையும் பொது மருத்துவமனையையும் உதாரணம் காட்டினார். எல்லா நூலும் இல்லாவிட்டாலும் நூலகத்தால் நன்மைதானே என்பது அவர் வாதம். தமிழ்நாட்டு வாசகர் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். 1948இல் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. வீட்டு வரியோடு நூலக வரி கட்டுகிறோம், அந்தப் பணத்தில் நூலகம் நடக்கிறது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தபோது வாசகரின் தேவையிலிருந்தே தொடங்கினார். ஒரே பதிப்பாளர் கட்டிக்கொடுத்து, அலமாரியில் எது இருக்கலாம் என்பதற்கான விதியையும் தானே எழுதி, யார் எதைப் புரட்டினார்கள் என்ற குறிப்பையும் தன் வழியே போகவிடும் கட்டடத்தை நாம் பொது நூலகம் என்று சொல்ல மாட்டோம்.

எதிர்ப்பு ஒரே நாளில் வந்ததல்ல. 2015 மார்ச்சில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஓர் ஆலோசனைத் தாள் வெளியிட்டது. ஏப்ரலில் ஏர்டெல், ‘ஏர்டெல் ஜீரோ’ என்ற இதே மாதிரித் திட்டத்தை அறிவித்தது. கொதித்தெழுந்த இளைஞர்கள் பத்து லட்சத்துக்கும் அதிகமான மின்னஞ்சல்களை டிராய்க்கு அனுப்பினார்கள். ஃப்ளிப்கார்ட் ஏர்டெல் திட்டத்திலிருந்து விலகியது. கிளியர்ட்ரிப்பும் என்டிடிவியும் இன்டர்நெட் டாட் ஆர்க்கிலிருந்து வெளியேறின. ஃபேஸ்புக் செப்டம்பரில் பெயரை ஃப்ரீ பேசிக்ஸ் என்று மாற்றியது. டிசம்பர் 9 அன்று டிராய், தளத்துக்குத் தளம் வேறு வேறு கட்டணம் வைக்கலாமா என்று குறிப்பாகக் கேட்டு இரண்டாவது தாளை வெளியிட்டபோதுதான் விளம்பர வெள்ளம் தொடங்கியது.

மக்களுக்குக் கோபம் மூட்டியது பத்திரிகைப் பக்கங்களைவிட, தங்கள் கைபேசித் திரையில் நடந்ததுதான். ஃபேஸ்புக்கைத் திறந்தால் ஓர் அறிவிப்பு: ஃப்ரீ பேசிக்ஸைக் காப்பாற்றுங்கள். அழுத்தினால் டிராய்க்கு அனுப்ப வேண்டிய கடிதம் தயாராக இருக்கும். உங்கள் பெயரும் அதில் ஏறியிருக்கும். அனுப்பு என்று தட்டினால் வேலை முடிந்தது. உங்கள் நண்பர் அனுப்பிவிட்டார் என்ற தகவலும் கூடவே வரும். எதை ஆதரிக்கிறோம், எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது என்பதற்கு அந்தத் திரையில் இடமில்லை. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இருந்தவர்களுக்குக்கூட இந்த அறிவிப்பு போய்விட்டது. தவறுதலாக நடந்தது என்றது நிறுவனம்.

நண்பர்களோடு பேசவென்று மக்கள் சேர்ந்த ஓர் இடத்தை, அரசின் முடிவை வளைக்கும் கருவியாக அதன் உரிமையாளரே திருப்பியதை நாம் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அன்றைக்கு இலவச இணையத்துக்காகத் திருப்பியவர்கள், நாளை வேறு எதற்காகவும் திருப்பலாம். ஐஐடி, ஐஐஎஸ்சி போன்ற கல்வி நிறுவனங்களின் ஆசிரியர்கள் கூட்டறிக்கை விட்டு எச்சரித்தார்கள். மீடியாநாமா செய்தித் தளத்தின் நிறுவனர் நிகில் பாஹ்வா போன்றவர்கள் ஒவ்வொரு விளம்பர வாசகத்தையும் எடுத்து வரிவரியாகப் பதில் எழுதினார்கள். நிறுவனம் பதிலுக்கு, ஆர்வலர்கள் உங்களிடம் மறைக்கும் பத்து உண்மைகள் என்ற பாணியில் இன்னொரு முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. எதிர்ப்பு இன்னும் பெருகியது.

டிராய்க்கு வந்து குவிந்த கருத்துகள் 24 லட்சம். அவற்றில் 18.94 லட்சம் ஃப்ரீ பேசிக்ஸை ஆதரித்து மின்னஞ்சலில் வந்த, ஒரே வார்ப்பான கடிதங்கள். கை தூக்கியவர்களை எண்ணினால் ஃபேஸ்புக் ஜெயித்திருக்கும். அப்போது டிராய் தலைவராக இருந்தவர் ஆர்.எஸ். சர்மா. ஆணையம் எண்ணவில்லை. நாங்கள் கேட்டது நான்கு கேள்விகள், இந்தக் கடிதங்கள் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லவில்லை என்றது. ஆலோசனைக் கேட்பைத் திட்டமிட்டு நடத்தும் வாக்கெடுப்பாக மாற்றுகிறீர்கள் என்று 2016 ஜனவரியில் ஃபேஸ்புக்குக்குக் கடுமையாகவே கடிதம் எழுதியது. இந்தக் கதை முழுவதிலும் மிகவும் போற்ற வேண்டிய இடம் இதுதான். ஓர் அரசு ஆணையம் கூட்டத்தைக் கண்டு மயங்காமல் காரணத்தைக் கேட்டது.

2016 பிப்ரவரி 8 அன்று டிராயின் விதிமுறை வந்தது. உள்ளடக்கத்தைப் பொறுத்து டேட்டாவுக்கு வேறு வேறு கட்டணம் கூடாது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய் அபராதம். மூன்று நாளில் ஃபேஸ்புக் இந்தியாவில் ஃப்ரீ பேசிக்ஸை நிறுத்தியது. இடையில் அந்த நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் இருந்த மார்க் ஆண்ட்ரீசன், காலனி எதிர்ப்பால்தான் இந்தியர்கள் பொருளாதாரத்தில் கெட்டார்கள் என்ற பொருளில் ட்வீட் செய்து, பிறகு அழித்து மன்னிப்புக் கேட்டார். ஸக்கர்பெர்க்கும் அதைக் கண்டித்தார். ஆனால் விளம்பரங்களின் அடியில் என்ன மனப்பான்மை ஓடியது என்ற சந்தேகம் அதற்குள் பலருக்கு உறுதியாகிவிட்டது.

இந்த வெற்றியைக் கொண்டாடும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. இரண்டு தரப்பும் கணேஷைப் பற்றிப் பேசின. கணேஷ்கள் பேசியது மிகக் குறைவு. ஆலோசனைத் தாள் ஆங்கிலத்தில் இருந்தது, எதிர்ப்புப் பிரசாரமும் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் நடந்தது. கொல்லிமலைக்கு என்ன வேண்டும் என்று மலைமேல் உள்ள செம்மேட்டுக்கு வந்து யாரும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் முதலில் டவர் என்று சொல்லியிருப்பார்கள். ஒரு வளைவில் சிக்னல் இருக்கும், அடுத்த வளைவில் போய்விடும். ஃப்ரீ பேசிக்ஸ் புதிதாக ஒரு கோபுரமும் நடுவதாகச் சொல்லவில்லை, ஏற்கெனவே இருந்த ரிலையன்ஸ் வலையமைப்பின் மேல்தான் அது ஓடியது. அந்த நிறுவனமோ 2017 இறுதியில் கைபேசிப் பேச்சு சேவையையே மூடிவிட்டது. அதை மட்டும் நம்பியிருந்தால் மலை மறுபடி இருட்டில்தான் இருந்திருக்கும். டேட்டா விலை குறைந்தது 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு, போட்டியால். அப்படியும் 2020 ஊரடங்கில் ஆன்லைன் வகுப்புக்காகத் தமிழக மலைக் கிராமங்கள் பலவற்றில் மாணவர்கள் மேட்டையும் பாறையையும் தேடி ஏற வேண்டியிருந்தது.

மக்களைக் கேட்டுச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். கொல்லிமலையில் சிறுதானியப் பாதுகாப்புக்காகப் பல ஆண்டுகள் உழைத்த எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், 1998இல் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. எந்தத் தகவல் தேவை என்று ஊராரிடம் முதலில் கேட்டார்கள். வீராம்பட்டினம் மீனவர்கள் அலை உயரம் வேண்டும் என்றார்கள். அமெரிக்கக் கடற்படையின் தளத்திலிருந்து வங்கக் கடலின் அலை முன்னறிவிப்பு எடுக்கப்பட்டு, தமிழில் ஒலிபெருக்கியில் வாசிக்கப்பட்டது. அந்தத் தளம் யாருடைய இலவசப் பட்டியலிலும் இடம்பெறும் ரகமல்ல. திறந்த இணையம் இருந்ததால் கைக்குக் கிடைத்தது.

மலைக்கும் காட்டுக்கும் கோபுரம் நட நாட்டில் பணமும் இருந்தது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தம் வருவாயில் 5 சதவீதம் கட்டும் பொதுச் சேவை நிதி 2002 முதல் சேர்ந்துகொண்டிருந்தது, விளம்பரச் சண்டை நடந்த காலத்தில் அதில் பெரும்பகுதி செலவாகாமல் கிடந்தது. 2022 ஜூலையில்தான் இணைப்பு எட்டாத 24,680 கிராமங்களுக்கு பிஎஸ்என்எல் வழியாக 4ஜி கொண்டுபோக 26,316 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

இணையத்தில் யாருக்கு என்ன உரிமை என்ற வழக்கும் முடிந்துவிடவில்லை. 2018இல் இணைய சமநிலைக் கொள்கையை அரசு முழுமையாக ஏற்றது. 2023 ஜூலையில் டிராய் மறுபடியும் ஓர் ஆலோசனைத் தாள் வெளியிட்டது. பெரிய இணைய நிறுவனங்கள் வலையமைப்புச் செலவில் பங்கு தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு நிறுவனங்கள் அழுத்தம் கொடுத்தன. அடுத்த தாள் வரும்போது அதன் கேள்விகள் தமிழில் அச்சாகி மலை ஊராட்சிகளுக்கும் வர வேண்டும். எந்த ஊருக்கு எந்த டவர், எப்போது என்ற பட்டியலும் கூடவே வர வேண்டும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கிராம சபை கூடும் நாட்கள் ஏற்கெனவே இருக்கின்றன. கொல்லிமலையின் பதினான்கு நாடுகளிலும் அந்த நாட்களில் இதை வைத்துப் பேசலாம்.