உப்புக்காற்றில் ஒரு கிறீச்

2022 ஜூன் கடைசியில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாயானது. இரண்டே நாளில், அத்தியாவசிய சேவைகளுக்குத் தவிர வேறு யாருக்கும் எரிபொருள் இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். அப்போது கொழும்பில் சைக்கிளுக்கு மாறியவர்களில் நானும் ஒருவன். ஜப்பானில் யாரோ ஓட்டிவிட்டுக் கொடுத்து, கப்பலேறி வந்த ரேஸ் சைக்கிள் என்னுடையது. உருக்கு பிரேம், அலுமினியச் சீற் தண்டு. வீடு வெள்ளவத்தையில், வேலை கொட்டாஞ்சேனையில். மரைன் டிரைவ், காலி முகத்திடல், புறக்கோட்டை என்று ஏறக்குறைய 10 கிலோமீற்றர் உழக்க வேண்டும். பெற்றோல் வரிசைகள் மறைந்தன. நான் சைக்கிளை விடவில்லை.

பிறகு அந்தச் சத்தம் வந்தது. வலது கால் பெடலை அழுத்தும் ஒவ்வொரு தடவையும் ஒரு கிறீச். பஸ்களின் இரைச்சலில் காலி வீதியில் கேட்காது. விடியற்காலை மரைன் டிரைவில் அதைத் தவிர வேறொன்றும் கேட்காது. கிராங்க் அச்சுக்குள்ளிருந்துதான் வருகிறது என்று என் காது சத்தியம் செய்தது. அச்சின் பெயாரிங்குகளை மாற்றினேன். பெடல்களைக் கழற்றி, புரிகளுக்குக் கிறீஸ் பூசித் திரும்பப் பூட்டினேன். (இடப்பக்கப் பெடலின் புரி எதிர்ப்பக்கம் சுற்றும்; தெரியாமல் இறுக்கினால் புரி போய்விடும்.) சத்தம் அப்படியே இருந்தது.

ஜம்பட்டா வீதிக்குப் பக்கத்து ஒழுங்கையில் சைக்கிள் திருத்தும் வயதான ஐயா ஒருவர் சைக்கிளைத் தொடுவதற்கு முன்பே என்னை மறித்தார். "எந்த எடத்துல சத்தம்னு பாக்காதீங்க தம்பி. பெடல் ஒரு சுத்து சுத்த எத்தன தரம் வருதுன்னு எண்ணிட்டு வாங்க."

அவர் சொன்னதற்குப் பின்னால் பௌதிகம் இருக்கிறது. உருக்கில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 5,000 மீற்றர் வேகத்தில் ஓடும். சீற்றுக்கும் கிராங்குக்கும் இடையே ஒரு மீற்றர் என்று வைத்தாலும், அதைக் கடக்க விநாடியில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு போதும். எங்கே உரசினாலும் முழுப் பிரேமும் ஒரே நேரத்தில் அதிர்கிறது. வீணையில் கம்பியை மீட்டினால் குடம்தான் நாதத்தை வெளியே தருகிறது. அதுபோல மெல்லிய சுவருள்ள இந்த வெற்றுக் குழாய்கள், எங்கோ பிறந்த சிறு உரசலை வாங்கித் தங்கள் குரலில் பேசுகின்றன. இடம் கண்டுபிடிப்பதில் காது ஏமாறுவதற்குக் காரணம் இதுதான்.

எண்ணிக்கை அப்படி ஏமாற்றாது. என் சைக்கிளில் முன்பல் 50, பின்பல் 20 என்ற கியரில் பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் சில்லு இரண்டரைச் சுற்றுச் சுற்றும். செயினில் 112 கண்ணிகள். ஒரு பெடல் சுற்றில் 50 கண்ணிகள் நகர்வதால் குறிப்பிட்ட ஒரு கண்ணி திரும்பி வர இரண்டேகால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். ஆகவே சத்தம் ஒரு சுற்றுக்கு இரண்டு, மூன்று தரம் வந்தால் சில்லைப் பார்க்க வேண்டும். இரண்டு சுற்றுக்கும் சற்றுக் கூடுதலான இடைவெளியில் வந்தால் இறுகிப்போன செயின் கண்ணியைத் தேட வேண்டும். காலை நிறுத்திச் சும்மா உருளவிட்டும் சத்தம் தொடர்ந்தால் கிராங்க் பக்கம் போகவே தேவையில்லை.

நான் எண்ணினேன். ஒரு சுற்றுக்குச் சரியாக ஒன்று.

"அப்ப கிராங்க்தானே ஐயா?" என்றேன். தலையாட்டி மறுத்தார். பெடலின் தாளத்துக்கு ஆடுவது கிராங்க் மட்டுமல்லவே. வலது கால் அழுத்தும்போது இடுப்பு ஒரு பக்கம் சரிகிறது, சீற் முறுகுகிறது, கைகள் ஹாண்டிலை இழுக்கின்றன. எல்லாமே அதே தாளத்தில். "எழும்பி நின்னு மிதிச்சுப் பாருங்க" என்றார். ஒழுங்கையின் அந்தலை வரை நின்றபடி உழக்கிப் போனேன். சத்தம் இல்லை. திரும்பி வரும்போது உட்கார்ந்தேன். கிறீச்.

சீற் தண்டின் உயரத்தை ஒரு துண்டு டேப்பால் அடையாளம் வைத்துவிட்டு, கவ்வியைத் தளர்த்தி, தண்டை இடமும் வலமும் முறுக்கி மெதுவாக உருவினார். பிரேமுக்குள் புதைந்திருந்த பகுதியில் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளைப் பொடி. அதன்மேல் வளையம் வளையமாகப் பழுப்புக் கறள். விரலால் தேய்த்தேன், மணலாக நெருடியது.

மழையில் நனையாமல் வீட்டுக்குள்ளேயே நிறுத்தும் சைக்கிளுக்கு இது எப்படி வந்தது? தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலை பாறையில் அடித்துத் தெறிக்கும் துமி, ரயில் பாதையைத் தாண்டி மரைன் டிரைவில் போகிறவர் முகத்தில் படும். நீர் உலர்ந்தாலும் உப்பு தங்கிவிடும். கறியுப்புக்கு ஒரு குணம் உண்டு: காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் அது தானாகவே ஈரத்தை உறிஞ்சிக் கரைந்துவிடும். கடற்கரைக் கொழும்பின் இரவுகள் பெரும்பாலும் அதற்கு மேல்தான். ஒரு துளி மழை இல்லாமலே, இரவோடிரவாக இரும்புக்கும் அலுமினியத்துக்கும் இடையில் உப்புநீர்ப் படலம் உண்டாகிறது. இரண்டு வேறு உலோகங்கள், நடுவே உப்புநீர்: அது ஒரு மின்கலம். அதில் அலுமினியம் தன்னைக் கரைத்துக் கொடுக்கிறது. உண்டாகும் ஒட்சைட்டு பழைய உலோகத்தைவிடக் கூடுதல் இடம் கேட்கும். வருடக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் தண்டு பிரேமோடு இறுகி, அறுத்துத்தான் எடுக்க வேண்டிவரும். அந்தக் கிறீச் எனக்கு எரிச்சலூட்டியது உண்மை. ஆனால் அது சரியான நேரத்தில் வந்த எச்சரிக்கை என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

சத்தம் பிறக்கும் விதமும் அழகானது. உலர்ந்த இரண்டு பரப்புகள் ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன. உடல் பாரம் சரியும்போது விசை ஏறுகிறது, தண்டு மயிரிழை வளைகிறது. பற்று தாங்காத கணத்தில் சட்டென்று வழுக்கி, மறுபடி பற்றுகிறது. அசைவைத் தொடங்கத் தேவையான விசை, அசைவைத் தொடரத் தேவையான விசையைவிட அதிகம் என்பதால்தான் இந்தத் துள்ளல். நெடுநேரம் ஒட்டியிருந்த பரப்புகளை அசைக்க இன்னும் கூடுதல் விசை வேண்டும் என்பதை 1785இலேயே பிரெஞ்சுப் பொறியியலாளர் கூலோம் அளந்து காட்டினார். வயலின் வில்லுக்கு ரோசின் தேய்ப்பது இந்தப் பற்றைக் கூட்டத்தான். வெள்ளவத்தை இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்துக் கச்சேரியில் நாம் கேட்டு உருகும் கல்யாணி ராகமும், விநாடிக்கு நூற்றுக்கணக்கான தரம் பற்றி வழுக்கும் தந்தியிலிருந்து வருவதே.

நிலநடுக்கமும் இதே பற்றலும் வழுக்கலும்தான் என்று பிரேஸ், பயர்லி என்ற இருவர் 1966இல் எழுதினார்கள். 2004 டிசம்பர் 26 காலை சுமாத்ராவுக்கு அருகே, நூற்றாண்டுகளாகப் பற்றி நின்ற பாறைத் தட்டுகள் ஆயிரம் கிலோமீற்றருக்கும் மேலான நீளத்துக்கு வழுக்கின. இந்தக் கடல் அன்று என்ன செய்தது என்பதை இந்தக் கரையில் யாரும் மறக்கவில்லை. ஒரு சைக்கிளின் சிறு முனகலைப் பற்றிப் படிக்கப்போய் அந்தக் காலைக்கு வந்து நிற்பேன் என்று நான் நினைத்திருக்கவில்லை.

ஐயா தண்டைத் துணியால் துடைத்தார். பிரேமின் உட்பக்கத்தையும் குச்சியில் சுற்றிய துணியால் துடைத்து, தண்டு முழுக்க மெல்லிய படலமாகக் கிறீஸ் பூசினார். கிறீஸ் வழுக்கலை எளிதாக்குவதோடு உப்புநீர் புகவும் இடம் கொடுக்காது. தேங்காயெண்ணெய் இதற்கு உதவாது. கார்பன் தண்டு வைத்திருப்பவர்கள் கிறீஸ் பூசக் கூடாது, அதற்கென்றே நுண்மணிகள் கலந்த பசை இருக்கிறது. கவ்வியை இறுக்குவதிலும் அளவு உண்டு. பல கவ்விகளில் 5 நியூட்டன் மீற்றர் என்று பொறித்திருக்கும். பத்துச் சென்ரிமீற்றர் நீளச் சாவியின் நுனியில் ஐந்து கிலோ பாரம் தொங்கினால் எவ்வளவோ அவ்வளவு. சத்தம் வருகிறதே என்று அதற்கு மேல் முறுக்கினால் தண்டு நசுங்கலாம்.

இப்போது வருடத்தில் இரண்டு தடவை, சித்திரை பிறந்ததும் ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை, தண்டை உருவிப் பார்க்கிறேன். கடைசியாகத் துடைத்தபோதும் துணியில் கொஞ்சம் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது.