மென்பொருள் எழுதத் தெரிகிறது, ஏற்றுமதி செய்யத் தெரிகிறதா?

சென்ற றமழானுக்குச் சில வாரங்களுக்கு முன்னர் மூன்று இளைஞர்கள் என்னைத் தேடி வந்தார்கள். தெஹிவளையில் ஒரு வீட்டின் மேல் மாடியில் சிறியதொரு மென்பொருள் கம்பனி நடத்துபவர்கள். புறக்கோட்டையில் புடவைக் கடை, ஹாட்வெயார் கடை என்று பதினைந்துக்கும் மேற்பட்ட இடங்களில் இவர்களது பில் போடும் மென்பொருள்தான் ஓடுகிறது. மூவரில் ஒருவருடைய மாமா பஹ்ரைனில் தொழில் செய்கிறார். அவரது முயற்சியால் அங்கு நான்கு கிளைகளுள்ள ஒரு பலசரக்குக் கடையில் மென்பொருளைப் பரீட்சார்த்தமாகப் போட்டுப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தது. தாயாரின் நகையை அடகு வைத்து டிக்கட் எடுத்துப் போனார்கள். ஒரு வாரத்தில் திரும்பி வந்து விட்டார்கள்.

நடந்தது இதுதான். நமது ரூபாவுக்கு நூறு சதம். பஹ்ரைன் தீனாருக்கோ ஆயிரம் பில்ஸ். குவைத் தீனாரும் ஓமான் ரியாலும் இப்படித்தான். எனவே அங்கு விலை எழுதும்போது புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கங்கள் வரும். இவர்களது மென்பொருள் இரண்டு இலக்கங்களுக்கு மேல் ஏற்காது. 1.125 தீனார் விலையுள்ள பொருளை அது 1.13 ஆக்கி விட்டது. நூறு பொருள் விற்றால் 112.500 தீனார் வர வேண்டிய இடத்தில் 113 தீனார் வருகிறது. அரைத் தீனார் அதிகம்தானே என்று கடைக்காரர் சந்தோஷப்படவில்லை. வாடிக்கையாளரிடம் கூடுதலாக வாங்கிய காசு அது. "கணக்குப் பிழைக்கும் மென்பொருள் எனக்கு வேண்டாம்" என்று சொல்லி விட்டார்.

"திருத்துவதற்கு இரண்டு நாள்தான் கேட்டோம் நானா, தரவில்லை" என்றார் தம்பி ஒருவர். நான் அந்தக் கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். பஹ்ரைனில் ஒரு பழைய பில்லின் படத்தையாவது முன்கூட்டியே மாமாவிடம் கேட்டு வாங்கியிருந்தால் இந்தப் பிழை தெஹிவளையிலேயே தெரிந்திருக்கும். அதைக் கேட்க வேண்டும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. நிரல் எழுதுவது ஒரு திறமை. ஏற்றுமதி செய்வது வேறொரு திறமை.

முதலாவது திறமைக்கு நமது நாட்டில் பஞ்சமில்லை. இங்கு உருவான மிலேனியம் ஐ.டி. கம்பனியை 2009 இல் இலண்டன் பங்குச் சந்தை 30 மில்லியன் டொலருக்கு வாங்கியது. 2005 இல் ஆரம்பமான டபிள்யூ.எஸ்.ஓ.2 கம்பனியை 2024 இல் வெளிநாட்டு முதலீட்டு நிறுவனமொன்று 600 மில்லியன் டொலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. ஆனால் இவற்றைக் காட்டி ஐந்து பேர் உள்ள கம்பனிக்குப் புத்தி சொல்வதில் பிரயோசனமில்லை. பெரிய கம்பனியில் சந்தைப்படுத்த ஒரு பிரிவு, ஒப்பந்தம் பார்க்கச் சட்டத்தரணி, கணக்குக்கு ஆட்கள் என்று இருப்பார்கள். சிறிய கம்பனியில் நிரல் எழுதுபவரும் விற்பவரும் பில் அனுப்புபவரும் ஒருவரே.

அப்படியானால் அவர்கள் முதலில் எதைக் கற்க வேண்டும்? என்னுடைய அபிப்பிராயத்தில், ஒரு நாட்டையும் அந்த நாட்டில் ஒரு தொழிலையும் தெரிவு செய்யக் கற்க வேண்டும். "வளைகுடாவுக்கு விற்கப் போகிறோம்" என்பது தெரிவல்ல. வளைகுடாவில் ஆறு நாடுகள், ஆறு நாணயங்கள், ஆறு வரிச் சட்டங்கள். சவூதி அரேபியாவிலும் ஐக்கிய அரபு இராச்சியத்திலும் பெறுமதி சேர் வரி 2018 ஜனவரியில் 5 வீதமாக ஒன்றாகத்தான் ஆரம்பமானது. சவூதி 2020 ஜூலையில் அதை 15 வீதமாக்கியது. பஹ்ரைன் 2019 இல் 5 வீதத்தில் தொடங்கி 2022 இல் 10 வீதத்துக்குப் போனது. ஓமானில் 2021 இல்தான் அந்த வரி வந்தது.

சவூதியைச் சற்று விபரமாகப் பார்ப்போம். 2021 டிசம்பர் 4 முதல் அங்கு வரிக்குப் பதிவு செய்த வியாபாரிகள் கையால் பில் எழுத முடியாது. மின்னணு முறையில்தான் கொடுக்க வேண்டும், அரபு மொழியில் இருக்க வேண்டும், சில்லறை பில்லில் கியூ.ஆர். குறியீடு இருக்க வேண்டும். 2023 ஜனவரியில் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் கடையின் மென்பொருளே அரசாங்க வரி அதிகார சபையின் கணனியோடு தொடர்புபட வேண்டும் என்றானது. எல்லோரையும் ஒரே நாளில் கட்டாயப்படுத்தாமல், விற்பனைத் தொகை பெரியவர்களிலிருந்து ஆரம்பித்து அலை அலையாகச் சிறியவர்களை நோக்கி வந்தார்கள். ஒவ்வோர் அலை வரும்போதும் ஆயிரக்கணக்கான கடைக்காரர்கள் புதிய மென்பொருள் தேடுகிறார்கள். இதைத் தெரிந்து வைத்திருக்கும் கம்பனிக்கு யாரிடம், எந்த மாதத்தில் போய்க் கதவைத் தட்ட வேண்டும் என்பது தெரியும். மற்றவர்கள் முகவரிப் பட்டியல் பார்த்து எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பிக் கொண்டிருப்பார்கள்.

முதற் சந்தையாக மாலைதீவைப் பார்க்கும்படி நான் பலருக்கும் சொல்வதுண்டு. சிறிய நாடுதான். ஆனால் விமானத்தில் ஒன்றரை மணித்தியாலப் பயணம், நமது வியாபாரிகளுக்கு அங்கு பழைய தொடர்பு உண்டு. 2011 இல் பொருட்கள் சேவைகள் வரி அங்கு அறிமுகமானது. சுற்றுலாத் துறைக்கு ஒரு வீதம், ஏனையவற்றுக்கு வேறு வீதம். திவெஹி மொழியின் தானா எழுத்து வலமிருந்து இடமாக எழுதப்படுவது. அதில் பில் அச்சிடப் பழகிய கம்பனிக்கு அரபு பில் பெரிய கஷ்டமாக இராது.

அடுத்தது ஒப்பந்தம். இங்குதான் நமது பிள்ளைகள் அதிகம் நஷ்டப்படுகிறார்கள். வாயால் பேசி வேலையைத் தொடங்குவார்கள். வாங்குபவர் நாளுக்கொன்று கேட்பார், இவர்களும் "சரி" என்று செய்து கொடுப்பார்கள். மூன்று மாத வேலை எட்டு மாதமாகும், விலை மட்டும் பழைய விலை. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக் கொள்வது பற்றித்தான் குர்ஆனின் மிக நீண்ட வசனமே பேசுகிறது என்பதை இவர்களுக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது. இன்னும் செய்யப்படாத ஒரு பொருளைச் செய்து தரும்படி விலை பேசிக் கொள்வதற்கு பிக்ஹில் இஸ்திஸ்னாஃ என்ற ஒப்பந்தம் உண்டு. பொருளின் தன்மையும் விலையும் முன்கூட்டியே தெளிவாக இருக்க வேண்டும், பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுக்கலாம். மென்பொருள் வேலைக்கு இது நன்றாகவே பொருந்தும். என்னென்ன செய்யப்படும், எது செய்யப்பட மாட்டாது, மூல நிரல் யாருக்குச் சொந்தம், வேலை முடிந்த பின் பழுது பார்ப்பது எத்தனை மாதம் இலவசம் என்பவற்றை இரண்டு பக்கத்தில் எழுதிக் கையொப்பமிட்டால் போதும்.

விலை சொல்லும்போது வரியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முன்னர் சேவை ஏற்றுமதியால் வந்த வெளிநாட்டு நாணய வருமானத்துக்கு இங்கு விலக்கு இருந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் அதற்கு உச்சமாக 15 வீத வருமான வரி உண்டு. பழைய விலையிலேயே ஒப்பந்தம் புதுப்பித்த இரண்டு கம்பனிகளின் கணக்கை நான் பார்த்தேன். இலாபத்தில் பெரும் பகுதி போய் விட்டது.

இவற்றையெல்லாம் சொல்லிக் கொடுப்பது யார்? 1979 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த ஏற்றுமதி அபிவிருத்திச் சபை இருக்கிறது. மென்பொருள் கம்பனிகளின் சங்கமாக ஸ்லாஸ்கொம் இருக்கிறது. பதிவு செய்து கொள்ளாத நமது சகோதரர்கள் முதலில் அங்கு போக வேண்டும். அதே நேரம், பகல் சாப்பாட்டோடும் சான்றிதழோடும் முடியும் ஒரு நாள் கருத்தரங்குகளில் எனக்குப் பெரிய நம்பிக்கையில்லை. பங்களாதேஷில் 2010 முதல் சில வருடங்கள் நெதர்லாந்தின் நிதியுதவியோடு ஜெனீவாவிலுள்ள சர்வதேச வர்த்தக நிலையம் ஒரு திட்டத்தை நடத்தியது. அந்நாட்டு மென்பொருள் கம்பனிகளை ஐரோப்பியச் சந்தைக்குத் தயார்ப்படுத்துவதும், அங்குள்ள கொள்வனவாளர்களோடு நேருக்கு நேர் சந்திக்க வைப்பதும் அதன் வேலை. அங்குள்ள மென்பொருள் சங்கமான பேசிஸையும் பங்காளியாக்கிக் கொண்டார்கள். உண்மையான கொள்வனவாளர் முன்னால் உட்காரும்போது வரும் படிப்பு வகுப்பறையில் வராது. டுபாயில் வருடந்தோறும் நடக்கும் ஜைடெக்ஸ் கண்காட்சிக்குப் போகிறவர்களும், சந்திக்க வேண்டியவர்களிடம் முன்பே நேரம் குறித்துக் கொள்ளாவிட்டால் பேனாவும் பையும் சேர்த்துக் கொண்டுதான் வருவார்கள்.

இனி வியாபாரச் சகோதரர்களான உங்களிடம் ஒரு வார்த்தை. கறுவா ஏற்றுமதி செய்பவர் மாதிரி அனுப்புவார், தரச் சான்றிதழ் அனுப்புவார். மென்பொருளுக்கு மாதிரி என்ன? ஏற்கெனவே அதைப் பாவிக்கும் ஒருவர் "இவர்கள் மூன்று வருடமாக எனக்கு வேலை செய்கிறார்கள், கணக்குப் பிழைத்ததில்லை, கூப்பிட்டால் வருகிறார்கள்" என்று எழுதிக் கொடுக்கும் கடிதம்தான். வெளிநாட்டுக் கொள்வனவாளர் முதலில் கேட்பது இதைத்தான். நம்மில் எத்தனை பேர் காசு கொடுத்து மென்பொருள் வாங்குகிறோம்? திருட்டுப் பிரதியை ஓட்டுகிறோம், அல்லது சொந்தக்காரப் பையன்தானே என்று இலவசமாகப் போடச் சொல்கிறோம். இலவசமாகச் செய்த வேலைக்குக் கடிதம் கேட்கவும் அவனுக்குக் கூச்சம். டுபாயிலும் மாலேயிலும் நமக்கு முப்பது வருடத் தொடர்புகள் இருக்கின்றன. ஒரு தொலைபேசி அழைப்புக்கு அங்கு பெறுமதி இருக்கிறது.

தெஹிவளைத் தம்பிமார் மூன்றாவது தசம இலக்கத்தைச் சேர்த்து விட்டார்கள். எந்த நாட்டு நாணயத்துக்கும் மாற்றிக் கொள்ளும்படி இப்போது செய்திருக்கிறார்கள். மாலேயில் ஒரு ஹாட்வெயார் வியாபாரி அதைப் பார்க்கச் சம்மதித்திருக்கிறார், ஆனால் கொழும்பில் பாவிப்பவர்கள் இருவரின் கடிதம் வேண்டும் என்றார். ஒரு கடிதம் கிடைத்து விட்டது. மற்றதைக் கேட்டு இரண்டாம் குறுக்குத் தெருவில் ஒரு முதலாளியிடம் மூன்று தடவை போய் வந்தார்கள். "நாளைக்கு வாங்க தம்பி" என்று சொல்லியிருக்கிறார்.