உடன் நடந்தவர் காட்டிய உலகம்



இயற்கையை நேசிக்க வேண்டும் என்று உங்களுக்குப் பலரும் அறிவுரை கூறியிருப்பர். வகுப்பறையில் நானும் பல்லாண்டுகள் அதனைக் கூறியவனே. ஆனால் நேசம் என்பது கட்டளையால் பிறப்பதன்று. மரத்தின்மீதும் பறவையின்மீதும் மழை வெயிலின்மீதும் ஒருவருக்கு எவ்வாறு பற்று உண்டாயிற்று என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அப்பற்றுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருப்பார். அவர் பாட்டனாராக இருக்கலாம், ஆசிரியராக இருக்கலாம். வாழ்க்கைத் துணையே அவ்வாறு வழிகாட்டியாக அமைவதும் உண்டு. அதனைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

நான் நகரத்தில் வளர்ந்தவன். உயிரியல் ஆசிரியனாகத் தூக்கணாங்குருவியின் கூட்டைக் கரும்பலகையில் வரைந்து, பாகங்களைக் குறித்துக் காட்டுவேன். ஆனால் அக்குருவியை நேரில் கண்டதில்லை. தலைதீபாவளிக்கு மாமனார் ஊருக்குச் சென்றபோது, என் மனைவி என்னைக் கிணற்றுமேட்டுக்கு அழைத்துச் சென்றார். அங்கே ஈச்சமரத்தில் கூடுகள் தொங்கிக்கொண்டிருந்தன. பாதியில் நின்ற கூடு ஒன்றைக் காட்டி, "இது ஏன் இப்படி நிற்கிறது, சொல்லுங்கள்" என்றார். காற்றில் சிதைந்திருக்கும் என்றேன். அவர் சிரித்துவிட்டு, "இல்லை. பெட்டைக்குப் பிடிக்கவில்லை, அதனால் சேவல் விட்டுவிட்டது" என்றார். பட்டம் பெற்றவன் நான். பாடம் கேட்டதும் நானே.

அவர் கூறியது வெறும் ஊர்ப்பேச்சன்று. மும்பைக்குத் தெற்கே கடற்கரையில் உள்ள கிஹிம் என்னும் சிற்றூரில், 1930ஆம் ஆண்டில் சாலிம் அலி என்னும் பறவையியல் அறிஞர் இதே குருவிகளைப் பொறுமையாகக் கவனித்து, அவற்றின் இல்லற முறையைத் தெளிவுபடுத்தினார். சேவல் புல்லையும் ஓலையையும் மெல்லிய நார்களாகக் கிழித்து வந்து கூடு பின்னுகிறது. ஒரு கூட்டினை முடிக்க 500 முறை வரையிலும் அது பறந்து செல்வதுண்டு. கூடு தலைக்கவசம் போன்ற வடிவை அடைந்ததும் சேவல் வேலையை நிறுத்திப் பெட்டைகளை அழைக்கிறது. பெட்டை வந்து கூட்டைச் சோதிக்கிறது. அதற்குப் பிடித்தால்தான் முட்டையறையும் நுழைவுக் குழலும் நிறைவுபெறும். பிடிக்காவிடில் கூடு பாதியிலேயே நின்றுவிடும். பெட்டை முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியதும், சேவல் அடுத்த கூட்டைத் தொடங்கி வேறொரு பெட்டையை எதிர்நோக்கும். ஆகவே பாதிக் கூடு என்பது பெட்டையின் தீர்ப்பு.

இந்தச் சாலிம் அலியின் வாழ்வு நம் பொருளுக்கு மிகவும் பொருத்தமானது. 1896இல் பிறந்த அவர், 1918இல் தெஹ்மினா என்னும் அம்மையாரை மணந்தார். ஜெர்மனியில் பறவையியல் பயின்று 1930இல் நாடு திரும்பியபோது, அவர் முன்பு பார்த்துவந்த அருங்காட்சியக வேலை இல்லாமற் போயிருந்தது. வருவாய் குன்றிய அந்நாளில்தான் தம்பதியர் கிஹிமுக்குக் குடிபெயர்ந்தனர். வேலையிழந்த துன்பமே குருவி ஆராய்ச்சிக்கு வாய்ப்பாயிற்று. பின்னர் ஐதராபாத், திருவிதாங்கூர் முதலிய சமஸ்தானங்களில் அவர் பறவைக் கணக்கெடுப்பு நடத்தினார். தொடக்ககாலப் பயணங்கள் சிலவற்றில் தெஹ்மினாவும் உடன் சென்றார். கூடாரத்தில் தங்கி, கிடைத்ததை உண்டு, விடியுமுன் எழும் வாழ்க்கை அது. அன்பு இல்லாத இடத்தில் அதனை நெடுநாள் தாங்குதல் அரிது.

துணைவர் வழியாக வரும் கல்வி ஏன் ஆழமாகப் பதிகிறது? ஆசிரியப் பயிற்சியில் கற்ற மூன்று உண்மைகளைக் கொண்டு இதனை விளக்கலாம்.

முதலாவது, கவனம் தொற்றிக்கொள்வது. நாம் அன்பு செய்பவர் எதை உற்றுநோக்குகிறாரோ, அதை நாமும் நோக்குகிறோம். சுட்டிய விரலின் வழியே கண் செல்வதுதான் குழந்தை பெறும் முதற்கல்வி. இரண்டாவது, அச்சம் நீங்குவது. சேறு, அட்டை, இருட்டு இவை தனியே செல்பவரை மிரட்டும். துணையோடு செல்பவருக்கு அவை பின்னால் சொல்லிச் சிரிக்கும் கதைகளாகும். மூன்றாவது, மீண்டும் மீண்டும் செல்வது. ஒருநாள் உலாவில் காடு தன்னைக் காட்டாது. அதே மரத்தடிக்குப் பருவந்தோறும் சென்றால்தான் பழக்கம் அறிவாகி, அறிவு அன்பாகும்.

நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். அகத்திணை மரபில் காதலர்தம் உள்ளத்தை நிலத்திலிருந்து பிரித்துப் பேசவில்லை. மலை, காடு, வயல், கடல், பாலை என்னும் நிலங்களும், அவற்றின் கருப்பொருளாகிய மரமும் பறவையும் விலங்கும் அங்கே உடன் நிற்கும்.

ஆயினும் ஒரு கடினமான வினா எஞ்சுகிறது. ஒருவர் பொருட்டு வந்த பற்று, அவர் மறைந்தபின் நிலைக்குமா?

1939இல் ஒரு சிறிய அறுவைச் சிகிச்சையைத் தொடர்ந்து தெஹ்மினா காலமானார். சாலிம் அலி நிலைகுலைந்து போனார். ஆனால் காட்டை விட்டு அவர் விலகவில்லை. இந்தியப் பறவைகள் பற்றிய அவரது புகழ்பெற்ற நூல் 1941இல் வெளிவந்தது. 1968 முதல் 1974 வரை, டில்லன் ரிப்ளி என்னும் அறிஞருடன் சேர்ந்து எழுதிய பறவைக் கையேடு 10 தொகுதிகளாக வெளிவந்தது. 1987இல் மறையும் வரை பறவைகளே அவர் வாழ்வாக இருந்தன. கோவைக்கு அருகே ஆனைகட்டியில் 1990இல் தோன்றிய பறவையியல் ஆய்வு மையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவரோ பறவைகளை முன்பே நேசித்தவர். துணைவர் வழியாகவே அந்நேசத்தைப் பெற்றவர் நிலை என்ன? அதற்கு நான் விடை கூற முடியும். என் மனைவி மறைந்து சில ஆண்டுகள் ஆகின்றன. முதல் ஆண்டு நான் கிணற்றுமேட்டுப் பக்கமே செல்லவில்லை. யாரிடம் காட்டுவது என்று எண்ணினேன். அடுத்த ஐப்பசியில் பேரன் கையைப் பிடித்து இழுத்துச் சென்றான். ஈச்சமரத்தில் ஒரு பாதிக் கூடு தொங்கியது. "ஏன் தாத்தா இது முடியவில்லை?" என்றான். காற்று என்று நான் சொல்லவில்லை.

மாணவச் செல்வங்களே, உங்களை வெளியே அழைப்பவர் யாராயினும், வேலை இருக்கிறது என்று மறுத்துவிடாதீர்கள். அவருடன் சிறிது தூரம் நடந்து பாருங்கள். அவர் காட்டுவதைப் பெற்றுக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் நீங்கள் மற்றொருவருக்குக் காட்டவேண்டிய நாள் வரும்.