பாலம் எவ்வளவு தாங்கும்? டிசைன் அளவு வேற, டெஸ்ட் அளவு வேற!

2024 டிசம்பர் 2. ஃபெஞ்சல் புயல் மழையில் விக்கிரவாண்டி - முண்டியம்பாக்கம் இடையே ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியது. திண்டிவனம் - விழுப்புரம் பாதையில் ரயில்கள் நிறுத்தப்பட்டன. பாலம் நின்றுகொண்டுதான் இருந்தது. அப்புறம் ஏன் நிறுத்தினாங்க?

டிசைன் கெப்பாசிட்டி என்றால்?

இவ்வளவு எடை, இவ்வளவு வெள்ளம் வரும் என்று கணக்குப் போட்டு, அதைத் தாங்கும்படி கட்டுவதற்கு முன்பே முடிவு செய்யும் அளவு. அதைத் தாண்டினால் அந்தக் கணக்கு கைகொடுக்காது. வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதும் ரயிலை நிறுத்துவது பாதுகாப்புக்காகத்தான்.

டெஸ்டட் கெப்பாசிட்டி என்றால்?

கட்டிய பிறகு நேரில் சோதித்துப் பார்த்த அளவு. சாலைப் பாலத்தில் எடையை ஏற்றி 24 மணி நேரம் வைப்பார்கள். இறக்கியதும் வளைவு எவ்வளவு நிமிருது என்று அளப்பார்கள்.

சிக்கல் எங்கே?

எடையை டெஸ்ட் பண்ணலாம். வெள்ளத்தைக் கொண்டுவந்து டெஸ்ட் பண்ண முடியாது. திருவண்ணாமலை மாவட்டத்தில் தென்பெண்ணை ஆற்றின் மேல் ரூ.16 கோடியில் கட்டிய அகரம்பள்ளிப்பட்டு - தொண்டமானூர் பாலம், திறந்த 3 மாதத்தில் இதே வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. அரசு விளக்கப்படி, அதன் டிசைன் சுமார் 54 ஆயிரம் கன அடிக்கு. சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீரோ 1.68 லட்சம் கன அடி.

ஆக, 'புதுப் பாலம்தானே' என்று வெள்ளத்தில் இறங்காதீங்க. 'எத்தனை கன அடிக்கு டிசைன்?' என்று கட்டும்போதே கேளுங்க.